நாலு மணித் துப்புரவு

ஆகஸ்ட் 18, திங்கள்

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். சர்வர் மாற்றும் வேலை முடியும்வரை அன்றன்றைக்கு என்ன செய்தாய் என்று எழுதி வை, பின்னால் யாராவது கேள்வி கேட்டால் கைகொடுக்கும் என்று எங்கள் டைரக்டர் ஜெயவர்த்தன் சார் சொன்னார். அவருக்கு ஆபீஸ் அறிக்கை தனியாகப் போகும். இது எனக்கு. ஆகவே இதில் உண்மையை எழுதலாம்.

பிற்காலத்தில் யாராவது எடுத்துப் படித்தால் புரியவேண்டும் என்பதற்காக: என் பெயர் குகன். கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு மூன்றாவது மாடியில் உட்கார்ந்து ‘ஏழுகோட்டை’ என்ற ஆன்லைன் விளையாட்டைப் பராமரிக்கிறேன். 2009-இல் தொடங்கியது. ஏழு கோட்டை, வாள், வேல், குதிரை, காட்டுப்பன்றி. ஆயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே வந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளலாம். படம் பார்க்கச் சகிக்காது. குதிரை ஓடினால் யாரோ கட்டிலை நகர்த்துவதுபோல் இருக்கும். ஆனாலும் சாயங்காலம் ஆறு மணியானால் லேத் பட்டறைக்காரர்கள், திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள், துபாயில் கிரேன் ஓட்டுகிறவர்கள் என்று வந்து குவிந்துவிடுகிறார்கள். உலகத்தில் வேறு விளையாட்டே இல்லாத மாதிரி.

நான் விளையாடியதில்லை. மூன்று வருடமாகப் பராமரிக்கிறேன், ஒருநாள்கூட உள்ளே போனதில்லை. மருந்துக் கடைக்காரர் எல்லா மாத்திரையையும் விழுங்கிப் பார்த்துவிட்டா விற்கிறார்?

இந்தக் கிழட்டு விளையாட்டைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றவேண்டும். அக்டோபர் 15 கெடு. அதுவரை பெரிய புகார் எதுவும் வராவிட்டால் நான் தலைமைப் பொறியாளர். வந்தால் வெளியிலிருந்து ஆள் எடுத்துக்கொள்வேன் என்று சார் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எதுவும் இதுவரை வேடிக்கையாக முடிந்ததில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ரெஜினா மேடத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். இந்த விளையாட்டை எழுதியவர் அவர்தான். பதினாறு வருடம் பார்த்துக்கொண்டார். ஜூலையில் போய்விட்டார். போய்விட்டார் என்றால், போகச் சொல்லிவிட்டார்கள். புதிய தொழில்நுட்பம் அவருக்கு ஒத்துவராது என்று மேலிடம் முடிவு செய்தது. மேலிடத்துக்கு அந்த எண்ணம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு மீட்டிங்கில் என்னைக் கேட்டார்கள், “மேடம் எழுதுனதெல்லாம் கொஞ்சம் பழசு சார்” என்றேன். பழசைப் பழசு என்று சொல்வது தப்பா?

போகிற அன்று நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தார். ஐம்பத்திரண்டு பக்கம், கையெழுத்து, சிவப்பு மையில் அடிக்கோடுகள். “குகன், ஒரு தடவ முழுசா படிச்சிருங்க. சந்தேகம்னா எப்ப வேணாலும் போன் பண்ணுங்க” என்றார். கம்ப்யூட்டர் கம்பெனியில் கையால் எழுதிக் கொடுக்கிறார்!

என் மானிட்டர் தாழ்வாக இருந்து கழுத்து வலித்துக்கொண்டிருந்தது. இப்போது சரியான உயரம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விளையாட்டின் பழைய புரோகிராம் கோடில் குப்பை அள்ளுகிறேன். நாலாவது கோட்டையில் ஒரு கிணறு. அதில் விழுந்தவன் ஏறி வர முடியாது. நல்ல மனுஷன் என்ன செய்வான், கிணற்றைச் சரிசெய்வான். இவர்கள் கிணற்றுக்குள்ளேயே ஏணி விற்கும் ஒரு வியாபாரியை உட்கார வைத்திருக்கிறார்கள். பதினான்கு வருடமாக அந்த ஆள் தண்ணீருக்குள் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறான். கிணற்றையும் அவனையும் சேர்த்து நீக்கினேன்.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று அகப்பட்டது. தினமும் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு துப்புரவு ஓடும். ஆட்கள் தரையில் போட்டுவிட்டுப் போன உடைந்த அம்பு, பன்றி எலும்பு எல்லாவற்றையும் அழித்து இடத்தைச் சுத்தம் செய்யும். அதன் தலைமாட்டில் ஒரு வரி: இந்தத் தேதிகளில் துப்புரவு கூடாது. கீழே பட்டியல். 2021 அக்டோபர் 15. 2022 அக்டோபர் 5. 2023 அக்டோபர் 24. 2024 அக்டோபர் 12. வருடத்துக்கு ஒரு தேதி, ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்த வருடத்துக்கு அக்டோபர் 2. காந்தி ஜெயந்திக்குத் துப்புரவுக்கும் லீவு விட்டிருக்கிறார் போலிருக்கிறது. மற்றவை அவர் மாமியார் ஊரிலிருந்து வந்த நாட்களாக இருக்கும்.

நோட்டில் விளக்கம் இருக்கலாம். உருவினால் மானிட்டர் சாயும். பட்டியலை அழித்தேன். பதினெட்டு வரி மிச்சம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

புதிய சர்வரில் டிஸ்க் நிரம்பி வழிகிறது. தினசரி நகல் எடுத்து வைக்கும் பேக்கப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். இரண்டே நாள். மறக்கக்கூடாது.

வீட்டில் தண்ணீர் பத்து நாளாக வரவில்லை. லாரிக்குச் சொல்லவேண்டும். அதையும் மறக்கக்கூடாது.

செப்டம்பர் 11, வியாழன்

லாரித் தண்ணீர் வந்தது. மறக்காமல் சொன்னது நான்தான் என்பதை வீட்டில் யாரும் பாராட்டவில்லை.

செப்டம்பர் 20, சனி

மாற்றியாயிற்று! ஐந்து மணி நேரம் விளையாட்டை மூடி, திறந்தோம். ஒரு முடிகூட உதிரவில்லை. ஜெயவர்த்தன் சார் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். முட்டை பப்ஸ் எனக்கு மட்டும்.

திறந்த பத்தாவது நிமிடம் போன். நாச்சிமுத்து. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முதல் வருடத்திலிருந்து விளையாடுகிறார். ஆபீஸ் நம்பரை ரெஜினா மேடம் எந்தக் காலத்திலோ அவருக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறார்.

“ஏனுங் தம்பி, குதிரை வழுக்குதுங்க.”

“வழுக்கலைங்க. இப்பத்தான் ஒழுங்கா ஓடுது. முன்னாடி திக்கித் திக்கி ஓடுச்சு.”

“அந்தத் திக்கறதுலதானுங்க நாங்க கணக்கு வெச்சிருந்தோம். மூணு திக்கு திக்குனா வேல்கம்பை வீசோணும்.”

பதினாறு வருடமாக ஒரு பிழையை வித்தையாகப் பழகி வைத்திருக்கிறார்கள். இவர்களுக்காக நான் தூக்கம் கெட்டு உழைக்கிறேன். வைப்பதற்கு முன் அவர் இன்னொன்று கேட்டார்: “பூஜைக்கு எல்லாம் பழையபடி இருக்குமுங்களா?” லீவு நாளில் சர்வர் ஓடுமா என்று கேட்கிறார் பாவம். “எல்லா நாளும் ஓடுமுங்க, கவலையே வேண்டாம்” என்றேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. ஆபீஸ் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். சர்வர் அறைக் கதவுக்கு நான்தான் மாலை போட்டேன். எச்.ஆர். ஹேமலதா ஒவ்வொரு மானிட்டருக்கும் பொட்டு வைத்து, யாரும் கீபோர்டைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். வருடம் முழுக்கத் தொடாதவர்களும் பயபக்தியோடு கையைக் கட்டிக்கொண்டார்கள். பொரி, கடலை, சுண்டல். சார் காருக்கு அடியில் எலுமிச்சம்பழம். காந்தி ஜெயந்தியும் சேர்ந்து நாளைக்கும் லீவு.

கிளம்பும்முன் ஒரு நிமிடம் செல்போனில் பார்த்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு ஏழுகோட்டைக்குள் ஆயிரத்து முன்னூறு பேர்! இந்த வருடத்திலேயே அதிகம். அத்தனை பேரும் நடு ஊரில் தேர்முட்டி என்று ஒரு திடல் இருக்கிறதே, அங்கேயே நிற்கிறார்கள். எட்டரைக்குப் பார்த்தால் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி வெளியேறியிருக்கிறார்கள். புதிய சர்வர் அசையவில்லை. சாருக்கு எண்ணிக்கையை அனுப்பினேன். கட்டைவிரல் படம் அனுப்பினார்.

இன்னும் இரண்டு வாரம். தலைமைப் பொறியாளர் குகன். சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

காலை ஆறே முக்காலுக்கு நாச்சிமுத்து.

“தம்பி, தேர்முட்டி காலியா இருக்குதுங்க.”

“லீவு நாளுங்க, ஆளுக இன்னும் எந்திரிச்சிருக்க மாட்டாங்க.”

“ஆளைச் சொல்லலீங்க. சாமான். ஒண்ணையும் காணோமுங்க. வாளு, வேலு, வில்லு ஒண்ணுகூட இல்லீங்க.”

என்ன சாமான், யார் வைத்தது, ஏன் வைத்தார்கள் என்று கேட்டேன். அவர், விவரம் தெரியாதவனிடம் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“பட்டறையில லேத்து, சுத்தி, ஸ்பேனர் எல்லாத்தையும் தொடச்சுச் சந்தனம் வெச்சு சாமிகிட்ட வெச்சுப்போட்டா, மறுநாள் காலைல கும்பிட்டுத்தானுங்க கையில எடுப்போம். நடுவுல தொடக்கூடாது. அப்பறம் ஏழுகோட்டையில மட்டும் வாளை இடுப்புல சொருகீட்டுச் சுத்தறதுங்களா? மொத வருசமே அம்பது பேரு தேர்முட்டியில வெச்சோம். காலைல பாத்தா எல்லாம் போயிருந்துச்சு. ரெஜினாம்மா மூணு நாள் உக்காந்து ஒவ்வொருத்தருக்கா எடுத்துக் குடுத்துச்சு. இனிமே போகாதுங்கண்ணான்னு சொல்லுச்சு. அதுலிருந்து இன்னைக்கு வரைக்கும் போனதில்லீங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்களும் எல்லா நாளும் ஓடுமுன்னுதானுங்க சொன்னீங்க.”

ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் ஆயுதங்கள். சிலருடையவை பதினாறு வருடம் தேய்த்துத் தீட்டியவை. துபாய்க் காதர் பாய்கூட வைப்பாராம், வேலைக்கு நடுவில் கிரேன் மேலே உட்கார்ந்து வைப்பாராம்.

இன்றைக்கு அக்டோபர் 2. விடியற்காலை நாலு மணித் துப்புரவு ஓடியிருக்கிறது. பட்டியலில் இருந்த மற்றத் தேதிகளை நாட்காட்டியில் பார்த்தேன். ஒவ்வொன்றும் விஜயதசமி. நாலு வருடத்துக்கு மேல் பார்க்கவில்லை.

பேக்கப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஆபீசுக்கு ஓடினேன். பூட்டு. காவலாளியைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். கீபோர்டில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பழைய சர்வரை மாற்றிய வாரமே துடைத்துவிட்டோம். கடைசி பேக்கப்: செப்டம்பர் 9.

இரண்டே நாள் என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.

அக்டோபர் 3, வெள்ளி

இருபத்துமூன்று நாள் பழைய நகலை அப்படியே போட்டால், இடையில் சம்பாதித்தது எல்லோருக்கும் போகும். ஜெயவர்த்தன் சார் முடியாது என்றார். பேக்கப் நின்றிருந்ததை வெளியே மூச்சுவிடக் கூடாது என்றார். பிறகு கேட்டார்: “யாரு பண்ணுன வேலை இது?”

“பழைய கோட்ல ஒரு சிக்கல் சார்.”

“ரெஜினாவா?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். நான் பெயர் எதுவும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மின்விசிறியைப் பார்த்ததை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும். ஆபீஸ் அறிக்கையிலும் ‘பழைய கோடில் சிக்கல்’ என்று மட்டும்தான் எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் அறிவிப்பு வந்தது, ஹேமலதா எழுதியது: “முன்னாள் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு வருந்துகிறோம்.” நிறுவனத்துக்கு வருத்தம் வந்தால் அது எப்போதும் முன்னாள் ஊழியரைப் பார்த்துத்தான் வருகிறது.

அக்டோபர் 4, சனி

என்ன தொலைந்தது என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க ஒரு படிவம் திறந்திருக்கிறோம். அதைச் செப்டம்பர் 9 நகலோடு ஒப்பிட்டு, நியாயமாக இருந்தால் கொடுப்பது. நகல் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பொய் சொல்கிறவர்கள் வரிசையாக வந்து மாட்டுவார்கள். மரக்கத்தி வைத்திருந்தவன் எல்லாம் தங்க வாள் என்று எழுதப்போகிறான். எழுதட்டும், பார்க்கிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

ரெஜினா மேடம் போன் செய்தார். நாச்சிமுத்து சொல்லித் தெரிந்திருக்கிறது.

“குகன், துப்புரவுக்கு மேல ஒரு தேதிப் பட்டியல் இருக்குமே. அது இருக்கான்னு மட்டும் பாருங்க.”

“பாக்கறேங்க மேடம்.”

“பதினேழாம் பக்கத்துல எழுதியிருக்கேன். ஏன்னும் எழுதியிருக்கேன்.”

“பாக்கறேங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை ஏறக்குறைய முடிவாகிவிட்டதாம். நம் ஆபீசிலிருந்து ஒரு நடத்தைக் கடிதம் போனால் போதுமாம். “ஹேமலதாகிட்ட கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க. மூணு மாசமா வீட்ல இருக்கேன், பையனுக்கு இது கடைசி வருசம்” என்றார்.

சரிங்க என்றேன். போனை வைத்துவிட்டு நோட்டை உருவினேன். மானிட்டர் சாய்ந்தது. பதினேழாம் பக்கத்தில் சிவப்பு அடிக்கோடு இரண்டு. பக்கத்தில்: “இதை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். அவர்கள் நம்பி வைத்துவிட்டுப் போகிறார்கள்.”

அக்டோபர் 8, புதன்

படிவங்கள் வந்து குவிகின்றன. காலையிலிருந்து அதுதான் வேலை.

திருப்பூரில் ஒருவர்: “என் வாள் எட்டாம் தரம். ஒன்பதாக இருக்கலாம். எட்டு என்றே போடுங்கள், சண்டை வேண்டாம்.” நகலில் பதினொன்று.

அவினாசியில் கணவனும் மனைவியும் ஒரே வில்லுக்குத் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். கணவன்: வில் அவளுடையது, நான்தான் கடன் வாங்கி வைத்திருந்தேன். மனைவி: வில் அவருடையது, பிறந்தநாளுக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வழக்கைத் தீர்க்க எனக்குத் தகுதி இல்லை.

காதர் பாய்: “ஒரு வேல், நுனியில் சின்ன நெளிசல். நெளிசலோடு கொடுத்தால் நல்லது, கைக்குப் பழகியது.”

நெளிசலுக்கு எங்கே போவேன்.

அக்டோபர் 10, வெள்ளி

ஒப்பிட்டு முடித்தேன். மூன்று தடவை ஒப்பிட்டேன், ஏதோ தப்பு இருக்கவேண்டும் என்று. படிவம் கொடுத்தவர்கள் ஆயிரத்து முன்னூற்று ஒன்பது பேர். தன்னிடம் இருந்ததைவிடக் குறைத்து எழுதியவர்கள் முப்பத்தாறு பேர். கூட்டி எழுதியவர்கள் மூன்றே மூன்று பேர்.

ஒருவர் பொள்ளாச்சி வக்கீல். இல்லாத குதிரை ஒன்றைச் சேர்த்து எழுதி, “குதிரை ஆயுதமா என்பது விவாதத்துக்குரியது” என்று குறிப்பும் போட்டிருக்கிறார். இன்னொருவர் இரண்டு கேடயம் என்று எழுதிவிட்டு மறுநாளே ஒன்றுதான் என்று திருத்தி, மன்னிப்பும் கேட்டிருக்கிறார். மூன்றாவது ஆள் ‘சக்கரவர்த்தி ஜே’. கேட்டிருப்பது இடிவேல். ஏழாவது கோட்டையில் இருக்கிறது, பதினாறு வருடத்தில் ஒருவரும் வென்றதில்லை. கணக்கு யாருடையது என்று பார்த்தேன். எங்கள் டைரக்டர்.

போய்க் கேட்டேன். “குடுத்துடு குகன், யாருக்குத் தெரியப்போகுது” என்று சிரித்தார்.

மொத்தம் மூன்று பொய். நான் படிவம் எதுவும் நிரப்பவில்லை, அதனால் அந்தக் கணக்கில் நான் வரவில்லை.

அக்டோபர் 11, சனி

ஹேமலதா மேசையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் கடிதத்தின் பிரதி. “இவரது கவனக்குறைவால் சமீபத்தில் வாடிக்கையாளர் சொத்துகளுக்கு இழப்பு ஏற்பட்டது.” நேற்றே அனுப்பிவிட்டார்களாம்.

“இப்படியாங்க எழுதறது?” என்றேன்.

“நீங்க குடுத்த ரிப்போர்ட்டைப் பாத்துத்தானே எழுதுனேன்” என்றார்.

மதியம் சாப்பிடவில்லை. வீட்டில் என்ன என்று கேட்டார்கள். வயிறு சரியில்லை என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

சொல்லிவிட்டேன். சாரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, பட்டியலை அழித்தது நான், பேக்கப்பை நிறுத்தியது நான், நோட்டைப் படிக்காதது நான், ரெஜினா மேடம் செய்த ஒரே தப்பு என்னிடம் ஒப்படைத்தது என்று சொன்னேன்.

அவர் எழுந்து வந்து தோளில் தட்டினார். “எனக்கு மொத நாளே தெரியும். அழிச்சவன் பேர் சிஸ்டத்துலயே இருக்குமே.”

“அப்பறம் ஏன் சார்?”

“நாளன்னிக்குப் பதினஞ்சு. நீ தலைமைப் பொறியாளர். தலைமைப் பொறியாளர் தப்புப் பண்ணுனாருன்னு எவனாவது வெளிய சொல்லுவானா? போயிட்டவங்க மேல போட்டா யாருக்கும் நஷ்டமில்ல. அந்த இடிவேலை மட்டும் மறந்துடாத.”

அசடு வழிய வெளியே வந்தேன். மூன்று வருடமாக இவரைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பற்றி எல்லாம் தெரிந்துதான் சிரித்திருக்கிறார். என்னை என்ன விலைக்கு வாங்கலாம் என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. அதுதான் எரிகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

காலை பத்து மணிக்கு ஏழுகோட்டை அறிவிப்புப் பலகையில் என் பெயரைப் போட்டு எழுதினேன். “தேர்முட்டியில் நீங்கள் வைத்த ஆயுதங்களைக் காக்கும் பட்டியலை அழித்தவன் நான். அது ஏன் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், நான் படிக்கவில்லை. பேக்கப் இல்லாமல் போனதும் என்னால். ரெஜினா அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்தபடி ஆயுதங்கள் 18-ஆம் தேதி தேர்முட்டியில் கிடைக்கும். குகன்.”

திருப்பித் தரும் வேலையைத் தானாக ஓடும்படி முன்பே எழுதி வைத்துவிட்டேன். முப்பத்தாறு பேருக்கு அவர்கள் கேட்டதை அல்ல, வைத்திருந்ததைப் போட்டிருக்கிறேன். காதர் பாயின் வேலுக்கு நெளிசல் வரைந்து சேர்க்க அரை நாள் ஆயிற்று. இடிவேலைச் சேர்க்கவில்லை.

பத்து இருபதுக்கு என் அனுமதிகளை எடுத்துவிட்டார்கள். பதினொன்றுக்கு ஹேமலதா கையெழுத்து வாங்கினார். பதினொன்றேகாலுக்கு நான் முன்னாள் ஊழியர். என்னையும் கவனக்குறைவானவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். என் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கும்.

அக்டோபர் 15, புதன்

இன்றைக்குப் பதவி உயர்வு வந்திருக்கவேண்டிய நாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுத்து உட்கார்ந்திருந்தேன். அறுபத்துநாலாம் நம்பர். நோயாளி இல்லை, ஒரு கடிதம் கொடுக்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் நம்பவில்லை, பிரஷர் பார்த்தார்கள். கூடுதலாகத்தான் இருந்தது.

நிர்வாக அதிகாரி ஒரு அம்மாள். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“அந்த லெட்டரை வெச்சு வேற ஆளை எடுக்கலாம்னு நேத்துத்தான் பேசுனோம். நல்லவேளை, இன்னும் சொல்லி அனுப்பலை.”

“எடுத்துக்குவீங்களாங்க?”

“அந்தம்மாவை எடுத்துக்குவோம். உங்களுக்கும் வேலை வேணும்னா தயவுசெஞ்சு இங்க கேக்காதீங்க.”

நியாயம்தான்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகவேண்டும் என்று பேச்சு ஓடுகிறது. நானும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

ரெஜினா மேடத்திடமிருந்து ஒரு செய்தி: “தீபாவளி கழிச்சுச் சேரச் சொல்லிட்டாங்க.” நன்றி என்றோ, பரவாயில்லை என்றோ ஒன்றும் இல்லை. ஒரு பத்துத் தடவை திறந்து பார்த்திருப்பேன்.

வீட்டில் சொன்னேன். துணி எடுக்கப் போகவில்லை.

அக்டோபர் 18, சனி

வாழ்க்கையில் முதல்முறையாக ஏழுகோட்டைக்குள் போனேன். சாதாரண ஆளாக, கணக்குத் தொடங்கி. பெயர் கேட்டது, குகன் என்றே கொடுத்தேன். கிழிந்த வேட்டி, கையில் ஒரு கம்பு. ஊருக்குள் வருவதற்குள் காட்டுப்பன்றி இரண்டு தடவை கொன்றது. பன்றி எவ்வளவு வேகம் என்பதை மூன்று வருடமாக எண்களில் பார்த்திருக்கிறேன். நேரில் வேறு மாதிரி இருக்கிறது.

தேர்முட்டியில் ஆயுதம் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் எழுதிய ஏற்பாட்டுக்கு வரிசையே தேவையில்லை, உள்ளே வந்தாலே கைக்கு வந்துவிடும். ஆனால் அவர்கள் ரேஷன் கடை மாதிரி வரிசை கட்டி, ஒருவர் வாங்கி நகர்ந்த பிறகுதான் அடுத்தவர் முன்னால் போகிறார்கள். நானும் வால் பக்கம் போய் நின்றேன். எனக்கு வாங்க ஒன்றுமில்லை. வேறு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி எழுத்தில் தட்டினார்: “உங்களுக்கு என்ன போச்சுங்க?”

“எனக்கு ஒண்ணும் போகலைங்க. எல்லாத்தையும் போக்குனவன் நான்தான்” என்று தட்டினேன்.

வரிசை மொத்தமும் திரும்பியது. வரிசையின் தலைப்பக்கத்திலிருந்து நாச்சிமுத்து நடந்து வந்தார். அப்போதுதான் வாங்கிய வாள் கையில் பளபளத்தது.

“தம்பிங்களா? வந்துட்டீங்களா?”

“வந்துட்டனுங்க.”

“தேர்முட்டிக்குள்ள வெட்டக் கூடாதுங்க, அது இங்க முறை. கொஞ்சம் அந்தக் கல்லுக்கு அக்கட்ட வாங்க.”

கல்லைத் தாண்டிப் போய் நின்றேன். ஒரே வெட்டு. மறுபடியும் கிழிந்த வேட்டியோடு ஊருக்கு வெளியே பிறந்தேன். பன்றிக்குத் தப்பி ஓடி வந்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம் இப்போது இன்னொரு வரிசை. வாங்கியவர்கள் எல்லோரும் ஆயுதம் பழையபடி இருக்கிறதா என்று பார்க்க வந்து நின்றார்கள். அவினாசிக் கணவனும் மனைவியும் ஒரே வில்லால் ஆளுக்கொரு அம்பு விட்டார்கள். காதர் பாய் வேலை வீசிவிட்டு, “நெளிசல் சரியா இருக்கு தம்பி” என்று எழுதினார். ஒருவரும் திட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் ஓடி வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

இன்றைக்கு நாற்பத்தொரு பேர் முடிந்தது. பாக்கி ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்று. நாளைக்கு ஞாயிறு, மறுநாள் தீபாவளி, பட்டறைகள் எல்லாம் லீவு. கூட்டம் இருக்கும். சீக்கிரமே போய் நிற்கவேண்டும்.